கார்ப்பெட்டில் வைக்கக் கூடாத ஆயுதங்கள்

அந்த வருஷம் சரஸ்வதி பூஜை வார நாளில் வந்தது. கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. சாமிகள் சனிக்கிழமை வரை காத்திருப்பார்கள். எங்கள் வட்டத்துக்கு வழக்கமாகக் கொலுவும் பூஜையும் சான்டா கிளாராவில் ஒரு ஆண்ட்டி வீட்டில்தான். அவர் எல்லார் வீட்டுக்கும் போன் போட்டு, "இந்த வருஷம் ஆயுத பூஜையும் சேத்துப் பண்றோம். அவங்கவங்க தொழில் சாமானைக் கண்டிப்பா கொண்டு வந்து வைக்கணும்" என்று சொன்னார். நான் அதை நிஜமென்று நம்பிவிட்டேன்.

என் தொழில் கார் எலக்ட்ரீஷியன். வேலையில் சேர்ந்து அரை வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவள் நான். கல்யாணமாகி சான் ஹோசே வந்தபோது என் விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. வீட்டுக்காரர் காலையில் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போய்விடுவார். நான் மாவு அரைத்தேன், லைப்ரரிக்கு நடந்தேன், திரும்பி வந்து மறுபடியும் மாவு அரைத்தேன். இப்படியே வருஷங்கள் போயின. அப்போதெல்லாம் என்னால் யாருக்கும் ஒரு கௌரவக் குறைச்சலும் வரவில்லை. "உனக்கென்னப்பா, ஜாலியா வீட்டுல இருக்கே" என்பார்கள். க்ரீன் கார்டுக்கு அப்ளை பண்ணி ஒர்க் பர்மிட் கைக்கு வந்த பிறகுதான் எல்லாருக்கும் என்மேல் அக்கறை பொத்துக்கொண்டு வந்தது. ஜாவா கத்துக்கோ, இல்லாட்டி டெஸ்டிங் பண்ணு, மூணு மாசம் போதும், ரெஸ்யூமேவை நாங்க பாத்துக்கறோம் என்றார்கள். அந்தப் 'பாத்துக்கறோம்' எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். பார்க்காத வேலையைப் பார்த்ததாக எழுதிச் சேர்ப்பதற்கு. அதில் மட்டும் ஒருத்தருக்கும் கூச்சம் கிடையாது.

எனக்கு ஜாவா பிடிக்கவில்லை. அதை ஒரு குற்றம் மாதிரி நான் வருஷக்கணக்கில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. எனக்குப் பிடித்தது ஒயரும் கரன்ட்டும். பக்கத்துக் காலேஜில் கார் எலக்ட்ரிகலுக்கு ஈவினிங் கிளாஸ் நடந்தது. சேர்ந்தேன். பொழுதுபோக்குக்கு என்று நினைத்து அவரும் விட்டுவிட்டார். படிப்பு முடிந்ததும் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்த ஒரு ஷாப்பில் போய் வேலை கேட்டேன். ஓனர் மெக்சிகோக்காரர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முதலில் வளையலைக் கழற்றச் சொன்னார். பேட்டரி பக்கத்தில் உலோகம் ஆகாது. பிறகு ஒரு பழைய காரைக் காட்டி, ராத்திரி நிறுத்தினால் காலையில் பேட்டரி செத்துப்போகிறது, ஏன் என்று கண்டுபிடி என்றார்.

படித்த மாதிரியே மீட்டரை மாட்டினேன். எங்கோ கரன்ட் போய்க்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும், எதைப் பிடுங்கியதும் மீட்டர் இறங்குகிறதோ அந்த வழியில்தான் வில்லங்கம். ஒரு ஃப்யூஸைப் பிடுங்கியதும் பாதி இறங்கியது. ஆகா என்று அந்த வழியில் இருந்த ஒயர் அத்தனையையும் துருவினேன். ரொம்ப நேரம் கழித்து ஓனர் வந்து டிரைவர் கதவைச் சாத்தினார். உள்விளக்கு அணைந்தது. கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, அந்த விளக்கு குடித்த கரன்ட்டைத்தான் நான் அத்தனை நேரம் துரத்தியிருக்கிறேன். அவர் சிரித்த சிரிப்பில் ஷாப்பே திரும்பிப் பார்த்தது. அழுகை வந்துவிட்டது, ஆனால் ஃப்யூஸ் பிடுங்குவதை நிறுத்தவில்லை. கடைசியில் பார்த்தால் டிக்கி விளக்கு. மூடின பிறகும் உள்ளே எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை இந்த ஊரில் அதற்குமுன் பட்டதில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். அப்புறம், "சரி, யாராவது கேட்டா ஆட்டோமோட்டிவ் எலக்ட்ரானிக்ஸ்ல இருக்கேன்னு சொல்லு" என்றார். என்னவோ கார் கம்பெனியில் சிப் டிசைன் பண்ணுகிற மாதிரி. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வேலைக்குப் போனால் போதும் என்றிருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச மாதத்தில் அடுத்தது வந்தது. ஜனவரியில் அவருடைய அப்பா அம்மா ஊரிலிருந்து வருகிறார்கள், ஆறு மாதம் இருப்பார்கள். "அதுக்குள்ள இந்த வேலையை விட்டுடு. அவங்க கிட்ட என்னன்னு சொல்றது?" என்று கேட்டார். உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். பேச்சு அத்தோடு நின்றது, முடியவில்லை. வேலையை விட மாட்டேன் என்று நானும், விட்டுவிடுவேன் என்று அவரும் நினைத்துக்கொண்டே காலம் போனது.

இந்த நிலையில்தான் ஆண்ட்டியின் போன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் டூல் பாக்ஸை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, மீட்டர், ஒயர் கட்டர், கட்டிங் பிளேயர், டெஸ்ட் லாம்ப் எல்லாவற்றையும் துடைத்து அடுக்கினேன். மூடிமேல் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன். அவர் எட்டிப் பார்த்தார். தன் பங்குக்கு ஒரு பழைய கீபோர்டை எடுத்துக்கொண்டார். அது வேலை செய்யாத கீபோர்டு. நல்லதை வைத்தால் மறுநாள் வரை தொடக் கூடாதே என்று.

ஆண்ட்டி வீட்டு வாசலில் புது காரை நிறுத்தி, பானட்டில் சந்தனம் பூசி, மாலை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். உள்ளே ஹாலில் கொலுவுக்குக் கீழே பட்டுத்துணி விரித்து ஆயுதங்கள். கீபோர்டு, மவுஸ், சி.டி., ஒரு டாக்டரின் ஸ்டெதஸ்கோப், தலையணை தலையணையாகக் கம்ப்யூட்டர் புத்தகங்கள். நான் என் பெட்டியை ஓரமாக வைக்கக் குனிந்தேன்.

"ஐயோ ஐயோ, இது என்னம்மா?" ஆண்ட்டி ஓடி வந்தார். "வொய்ட் கார்ப்பெட்! கிரீஸ் பட்டா போகவே போகாது."

"கழுவிட்டுத்தான் ஆண்ட்டி கொண்டு வந்தேன். என் தொழில் சாமான். நீங்கதானே கொண்டு வரச் சொன்னீங்க?"

"அது சரிம்மா, இங்க சரஸ்வதி இல்ல இருக்கா? இதெல்லாம் கராஜ்ல வச்சுட்டு வா. சாமி எங்க இருந்தாலும் ஏத்துக்கும்."

சாமி எங்கே இருந்தாலும் ஏற்றுக்கொள்ளுமென்றால் மவுஸை கராஜில் வைக்க வேண்டியதுதானே! வாசலில் காருக்கு மாலை, அதன் வயிற்றைத் திறந்து ஒயர் பார்க்கிறவளுக்கு கராஜா? இதெல்லாம் வாய்க்குள்தான் இருந்தது. வெளியே வரவில்லை. நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வார் என்று உண்மையிலேயே எதிர்பார்த்தேன்.

சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். "அது அவளுக்கு ஒரு ஹாபி ஆண்ட்டி. டிசம்பரோட விட்டுடறா. ஜனவரில ஜாவா கோர்ஸ் ஜாயின் பண்றா."

ஹால் முழுக்க "ஓ, வெரி குட்" என்றது. யாரோ ஒரு அங்கிள் நல்ல இன்ஸ்டிட்யூட் பெயர்கூடச் சொன்னார். நான் கையில் பெட்டியோடு நின்றேன். என் வேலையை நான் விடுவதாக என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

"நான் எந்தக் கோர்ஸும் சேரலை" என்றேன். குரல் கொஞ்சம் பெரிசாகவே வந்தது. "வேலையையும் விடலை. நான் கார் எலக்ட்ரீஷியன். சம்பளத்துக்குப் பாக்கறேன். ஹாபி இல்லை."

சுண்டல் கிண்டிக்கொண்டிருந்த கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. அவர் என் பக்கத்தில் வந்து, "சீன் கிரியேட் பண்ணாதே" என்று பல்லைக் கடித்தார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். பின்னாலேயே ஆண்ட்டி, "பூஜைக்குக் கொண்டு வந்ததைப் பாதியில எடுத்துட்டுப் போகக் கூடாதும்மா. நாளைக்குக் காலைலதான் எடுக்கணும்" என்றார். நிஜமான கவலையோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

"இது பூஜையிலயே இல்லையே ஆண்ட்டி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

அவரும் பின்னாலேயே வந்து காரை எடுத்தார். எங்கள் வீட்டுப் பார்க்கிங்கில் நிறுத்திய பிறகு, "எங்க அப்பா அம்மாவுக்காகத்தானே கேட்டேன்? எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்திட்டே" என்றார். அசிங்கப்பட்டது அவராம். "உங்க அப்பா அம்மா வந்து இறங்கினதும் நீங்களே சொல்லணும். சுத்தி வளைக்காம, உள்ளபடி. இல்லைன்னா நான் சொல்லுவேன். வேலையை மட்டும் விட மாட்டேன்" என்றேன். அவர் இறங்கி, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். அதற்கப்புறம் மூன்று மாதம் எங்களுக்குள் உப்பு, பால், வாடகை தவிர வேறு பேச்சில்லை. அந்த வட்டத்திலிருந்து எனக்குத் தனியாக ஒரு போனும் வரவில்லை. தீபாவளிக்கு அவர் மட்டும் போய்விட்டு வந்தார்.

ஜனவரியில் ஒரு நாள் மத்தியானம் பிளைட். ஷாப்பில் கேட்டு முன்னதாகக் கிளம்பி, ஏர்போர்ட்டுக்கு பஸ்ஸில் நேராகப் போனேன், நீல ஷாப் சட்டையோடு. புடவை மாற்ற நேரம் இருந்தது. மாற்றவில்லை. காரோடு வந்து காத்திருந்த அவருக்கு என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. மாமாவும் அத்தையும் டிராலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். காலைத் தொட்டுக் கும்பிட்டேன். மாமா என் சட்டையைப் பார்த்துவிட்டு மகனிடம் கேட்டார்: "புள்ளை எங்கப்பா வேலைக்குப் போகுது?"

நான் வாயைத் திறக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் டிராலிச் சக்கரத்தைப் பார்த்தார், எக்ஸிட் போர்டைப் பார்த்தார்.

"கார் எலக்ட்ரீஷியன்ப்பா. ஒரு ஷாப்ல" என்றார். வீட்டில் யாருக்கோ ஆகாத வியாதி என்று சொல்கிற குரலில் சொன்னார். அந்தக் குரலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனாலும் சொன்னார்.

மாமா என் சட்டையை மறுபடியும் ஒருமுறை பார்த்தார். அத்தைதான் என் கையைப் பிடித்துத் திருப்பி, நகத்துக்குள் இருந்த கறுப்பைப் பார்த்தார். "இந்த வேலை இன்னும் எத்தனை நாளைக்குக் கண்ணு?" என்று கேட்டார்.

"ரிட்டயர் ஆகற வரைக்குமுங்க அத்தை" என்றேன்.

சூட்கேஸ்களை ஏற்றினோம். வீட்டுக்கு வண்டியை நான்தான் ஓட்டினேன்.