வட்டத்துக்குள் ஏழு தீவு

மேரிறோஸுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு நுனி சிவக்கும். பிறகுதான் வாய் திறக்கும். வாய் திறந்துவிட்டால் ஊர்காவற்றுறைச் சந்தியில் நிற்கிற ஆம்பிளைகளே மெல்ல மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நழுவிவிடுவார்கள். அப்படிப்பட்டவள் 2007ஆம் ஆண்டு மாசி மாதத்தில் பதினொரு நாள் வாயைப் பொத்திக்கொண்டு வள்ளத்திலும் பஸ்ஸிலும் அலைந்தாள் என்றால் அவள் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எல்லாம் ஒரு தாளுக்காக. அந்தத் தாளில் ஒரு வட்டம். வட்டத்தைச் சுற்றி ஏழு கையெழுத்து. கோதாரி, அந்த ஏழாவது கையெழுத்து.

பகலில் அவள் கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கர். புருசன் குருசுமுத்துவுக்குக் கடல்தொழில். கடற்படை கடலுக்கு விட்ட நாளில் போவார். விடாத நாளில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு வீட்டில் இருந்து பெண்சாதியைப் பகிடி பண்ணுவார். இதுதான் குடும்பம். ஆனால் மேரிறோஸின் நெஞ்சுக்குள் கிடந்தது வேறு. 1980இல் அவள் பல்கலைக்கழகம் போனவள். அங்கே முதலாம் வருடத்தில் திறமாய்ச் செய்கிற பிள்ளைகளை ஒரே பாடத்தை நான்கு வருடம் ஆழமாய்ப் படிக்கத் தெரிவு செய்வார்கள். சிறப்புப் பட்டம் என்பது அது. மற்றப் பிள்ளைகள் மூன்று வருடத்தில் பொதுப் பட்டத்தோடு வெளியே வந்துவிடுவார்கள். மேரிறோஸைப் புவியியலில் சிறப்புக்கு எடுத்தார்கள். ஆனால் மூன்று வருடம்தான் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருக்க விடுவார்கள், நாலாம் வருடம் தங்குவதற்கு இடமில்லை. தீவில் இருந்து தினமும் போய் வருவது நடக்கிற காரியமில்லை. மூன்று வருடமே காணும் என்று தகப்பன் சொன்னார். அவள் அழுதாள், தகப்பனும் அழுதார், பொதுப் பட்டத்தோடு வந்து கிளாக்கர் கதிரையில் குந்தினாள். அந்தக் காயம் ஆறவே இல்லை. ஏன் ஆறவேண்டும்?

இடம்பெயர்ந்து, எங்கெங்கோ அகதியாய்க் கிடந்து, திரும்பி வந்த கையோடு, 1997இல் அவள் ஓடித் திரிந்து ஆள் சேர்த்தாள். 'தீவகச் சிறப்புப் பட்ட மாணவர் ஒன்றியம்' என்று பெயர். எந்தத் தீவுப் பிள்ளை சிறப்புப் படிப்புக்குத் தெரிவானாலும், படிப்பு முடியுமட்டும் தங்க இடமும் மூன்று நேரச் சாப்பாடும் ஒன்றியத்தின் பொறுப்பு. வெளிநாட்டில் இருக்கிற தீவுச் சனங்கள் தாராளமாய் உதவினார்கள். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், திருநெல்வேலியில், ஒரு வீடும் எடுத்தாயிற்று. இரஞ்சிதம் என்ற ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரித் தாதி அந்த வீட்டுக்குப் பொறுப்பு. ஒரு குறையும் இல்லை என்றுதான் சொல்லவேண்டும், கையெழுத்தைத் தவிர.

முதல் கூட்டத்திலேயே சண்டை வந்துவிட்டது. தீவுக்கு ஒரு பிரதிநிதி, ஏழு தீவுக்கு ஏழு பேர். ஒரு பிள்ளையை வீட்டில் சேர்ப்பதற்கு ஏழு பேரும் சம்மதித்துக் கையெழுத்து வைக்கவேண்டும் என்று முடிவாயிற்று. அதுவரை சரி. யாருடைய பெயர் மேலே வருவது? புங்குடுதீவார் தங்கள் ஊர்தான் பெரிது என்றார்கள். நயினாதீவார் தங்களுடையது புண்ணிய பூமி என்றார்கள். நெடுந்தீவாரோ வரலாற்றைத் தொடங்கினார்கள். பொழுது பட்டுக்கொண்டு வந்தது, ஊரடங்கு நேரமும் நெருங்கிக்கொண்டு வந்தது, ஒருவரும் விட்டுக்கொடுக்கிற மாதிரி இல்லை. மேரிறோஸுக்குப் பொறுக்கவில்லை. தேத்தண்ணீர்க் கோப்பைக்குக் கீழே வைத்த பீரிசு ஒன்றைக் கவிழ்த்துத் தாளில் வைத்து, பேனையால் சுற்றி ஒரு வட்டம் கீறினாள். இதைச் சுற்றிப் போடுங்கள், மேலும் இல்லை, கீழும் இல்லை என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். அன்றைக்கே அவளைச் செயலாளராயும் ஊர்காவற்றுறைப் பிரதிநிதியாயும் ஆக்கிவிட்டார்கள். தன் வினைக்கு விதையைத் தானே போட்டுவிட்டு அவளும் சந்தோசமாய்ச் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

பிறகு பத்து வருடத்தில் ஒன்பது பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வட்டம். அந்த வட்டத்தைத் தூக்கிக்கொண்டு தீவு தீவாய்த் திரிந்தவள் மேரிறோஸ் ஒருத்திதான். வள்ளம் இல்லை, காற்றுச் சரியில்லை, தலைவருக்குச் சுகமில்லை, ஆள் கலியாண வீட்டுக்குப் போயிட்டுது, நாளைக்கு வாரும். இதையெல்லாம் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது. ஒரு கையெழுத்துக்காவது ஒருத்தரும் தாமாக எழும்பி அவளிடம் வந்ததில்லை.

மாசி மாதத்து ஒரு திங்கட்கிழமை, அனலைதீவு யாக்கோப்புவின் மகள் நிமலினி சங்கத்து வாசலில் வந்து நின்றாள். கையில் கடிதம். சிறப்புப் படிப்புக்குத் தெரிவாகியிருக்கிறாள். பாடம் புவியியல். மேரிறோஸ் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். பதினான்கு நாளுக்குள் சம்மதம் எழுதிக் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் பொதுப் பட்டம்தான். நான்கு வருடத்துக்கும் இருக்க இடம் உறுதியாகாமல் இந்த நாட்டு நிலைமையில் பிள்ளையை விடமாட்டேன் என்று யாக்கோப்பு சொல்லிவிட்டாராம். அவர் சொன்னதில் பிழையும் இல்லை. போன வருடம் அல்லைப்பிட்டியில் வீடு புகுந்து சனத்தைச் சுட்டதற்குப் பிறகு தீவில் எந்தத் தகப்பன் அப்படிச் சொல்லமாட்டான்?

பயப்படாதே என்று பிள்ளையை அனுப்பிவிட்டு மேரிறோஸ் பீரிசை எடுத்தாள்.

தன் கையெழுத்தை முதலில் போட்டாள். அடுத்த நாள் அனலைதீவும் எழுவைதீவும். காரைநகர்ப் பிரதிநிதி பட்டணத்தில் ஒரு வங்கியில் இருந்தார். லீவு போட்டுவிட்டு அங்கே போய், சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறி, அவர் சாப்பிட்டு முடிக்குமட்டும் காத்திருந்து வாங்கினாள். புங்குடுதீவுக்கு இரண்டு தரம் போனாள். நயினாதீவில் இருந்த ஏரம்பு ஒன்றியத்தின் தலைவர், பழைய தபாலதிபர். அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்துக் கௌரவிப்பு விழா வைக்கவேண்டும் என்று ஒரு மணித்தியாலம் பேசினார். பிள்ளை இருக்க இடமில்லாமல் அந்தரப்படுகிறாள், இவருக்குப் பொன்னாடை. மேரிறோஸ் ஓம் ஓம் என்று தலையாட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். கைத்தொலைபேசி நினைத்தபாட்டுக்கு வெட்டுப்படுகிற காலம் அது. எல்லாவற்றுக்கும் நேரே போய் நிற்கவேண்டும். எட்டு நாள் போய்விட்டது. நெடுந்தீவு ஒன்றுதான் மிச்சம். இரண்டு நாள் காற்று, வள்ளம் விடவில்லை.

பதினோராம் நாள் நெடுந்தீவில் இறங்கினாள். அங்கே பிரதிநிதி அரியநாயகம், முன்னாள் பள்ளிக்கூட அதிபர். நல்ல மனிசர்தான். கதிரை போட்டு இருத்தினார், தேத்தண்ணீர் கொடுத்தார், பிள்ளையின் பெறுபேற்றைக் கேட்டு மெய்யாகவே சந்தோசப்பட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுத் தாளைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. தாளை மேசையில் வைத்து, விரலால் தொட்டுக் காட்டினார். மிச்சமாய் இருந்த இடம் வட்டத்தின் அடியில்.

"வட்டத்துக்கும் அடி இருக்கு, பிள்ளை," என்றார். "ஒன்பது தரமும் நெடுந்தீவு அடியிலதான். நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

தூரத் தீவு என்றபடியால் கடைசியாய் வருகிறேன், மற்றவர்கள் மேலே இருந்து போட்டுக்கொண்டு வர இதுதான் மிஞ்சுகிறது என்று அவள் விளக்கினாள். அதைத்தான் நானும் சொல்கிறேன், தூரம் என்றால் கடைசியா என்று அவர் கேட்டார். அவள் தாளைத் தலைகீழாய்த் திருப்பி, இப்ப நீங்கள்தான் மேலே, சேர் என்றாள். அப்படியென்றால் ஒன்றியத்தின் பெயர் தலைகீழாய் நிற்கிறதே என்றார். இது விசர்க்கதை என்று வாய் வரை வந்தது; விழுங்கினாள். வேறு தாளில் முதல் ஆளாய், மேலே போட்டுத் தாருங்கள், மற்ற ஆறு பேரிடமும் நான் திரும்பப் போகிறேன் என்று கெஞ்சினாள். ஒன்றியத்தின் பெயர் அச்சடித்த தாள் அவளிடம் வேறு இருக்கவில்லை. வெறுந்தாளில் கையெழுத்து வைக்கிற காலமா இது என்று அவர் கேட்டார். புதுத்தாள் எழுதிக்கொண்டு அடுத்த வள்ளத்துக்கு வரும்படி சொல்லி, வழிக்கென்று ஒரு போத்தல் பாலும் கொடுத்துவிட்டார். அடுத்த வள்ளம் மூன்று நாளுக்குப் பிறகு, தவணை முடிகிற அன்றைக்கு.

திரும்பி வரும்போது கடல் பட்டுப்போல் கிடந்தது. அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது. குறிகட்டுவான் இறங்குதுறையில் பஸ் வர நேரம் இருந்தது. வெயிலில் சீமெந்துக் கட்டில் இருந்தாள். அந்த நாளில் தகப்பன் அழுத முகம் நினைவுக்கு வந்தது. அன்றைக்காவது வறுமை, ஒருத்தரையும் குறை சொல்ல வழியில்லை. இன்றைக்கு வீடு இருக்கிறது, கட்டில் இருக்கிறது, சோறு இருக்கிறது, பிள்ளைக்கு மூளையும் இருக்கிறது. குறுக்கே நிற்கிறது ஒரு வட்டத்தின் அடிப்பக்கம். பழைய ஒன்பது தாள்களிலும் அரியநாயகத்தின் கையெழுத்தைப் பார்த்து அவளுக்கு மனப்பாடம். பையை மடியில் வைத்து, அதன்மேல் தாளை விரித்து, அடியில் இருந்த வெற்றிடத்தில் அவருடைய கையெழுத்தைப் போட்டாள். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அது அவளுக்கே ஆச்சரியமாய் இருந்தது.

இரஞ்சிதம் தாளைப் பார்த்தாள், வட்டம் நிரம்பியிருந்தது, நிமலினிக்கு யன்னலோரக் கட்டிலைக் கொடுத்தாள். பதின்மூன்றாம் நாள் பிள்ளை சம்மதம் எழுதிக் கொடுத்தாள். குருசுமுத்துவுக்கு மட்டும் மேரிறோஸ் உண்மையைச் சொன்னாள். அவர் வலையில் இருந்து கண்ணை எடுக்காமல், நல்ல வேலை செய்தீர் என்றார். அது பகிடியா மெய்யா என்று அவளுக்கு விளங்கவில்லை.

நான்கு மாதம் ஒரு கரைச்சலும் இல்லை. ஆனியில் ஏரம்புவின் பொன்னாடை விழா வந்தது. அனுமதி எடுத்து, பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் கதிரை போட்டு, நிமலினியை மேடையில் இருத்தினார்கள். மாலை, பொன்னாடை, பேச்சு, பேச்சு, பேச்சு. ஏரம்பு கடைசியாய் ஒலிவாங்கியைப் பிடித்து, இந்த முறை ஏழு தீவும் ஒற்றுமையாய் நின்று பதின்மூன்றே நாளில் காரியத்தை முடித்தோம் என்றும், விசேடமாய் நெடுந்தீவு அரியநாயகம் சேருக்கு நன்றி என்றும் சொன்னார்.

முன்வரிசையில் இருந்த அரியநாயகம் எழும்பினார். "நான் ஒரு கையெழுத்தும் வைக்கேல்லையே," என்றார்.

மேடையில் நிமலினி மாலையோடு குந்தியிருந்தாள். அந்தப் பிள்ளையின் முகம் போன போக்கை மேரிறோஸ் சாகுமட்டும் மறக்கமாட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம். மூன்று பிரதிநிதிகள்தான் வந்தார்கள். செயலாளரைப் பதவியில் இருந்து விலத்தவேண்டும், அதற்கும் ஏழு கையெழுத்து வேண்டும் என்றார் ஏரம்பு. அது மட்டும் என்றால் அவள் தூசு தட்டிவிட்டு எழும்பியிருப்பாள். கள்ளக் கையெழுத்தில் சேர்ந்தபடியால் பிள்ளையும் வீட்டில் இருக்க ஏலாது என்று இன்னொருவர் தொடங்கினார். அப்போதுதான் அவளுடைய மூக்கு நுனி சிவந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

"என்னை விலத்துங்கோ, பிள்ளையை வீட்டில இருக்க விடுங்கோ," என்றாள். "ரெண்டையும் ஒரே தாளில எழுதுங்கோ. ஒண்டுக்குப் போட்டா மற்றதுக்கும் போட்டதாய் இருக்கும்."

அவர்கள் தங்களுக்குள் குசுகுசுத்துச் சம்மதித்தார்கள். வட்டத்தை அவளே கீறிக் கொடுத்தாள். வேறு ஒருவருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. கையெழுத்து வாங்க நான் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். எப்படியும் இரண்டு மாதம் இழுபடும், அதற்குள் பிள்ளைக்கு வேறு வழி பார்க்கலாம் என்று நினைத்திருந்தாள்.

நாலாம் நாள் பஸ் கொண்டக்டர் ஒரு கடித உறையைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே தாள். ஆறு கையெழுத்து. காரைநகர்க்காரர் வங்கியில் அரைநாள் லீவு எடுத்தாராம். புங்குடுதீவு ஆள் தானே சைக்கிளில் இறங்குதுறைக்குப் போய்த் தாளை வள்ளக்காரனிடம் ஒப்படைத்தாராம். அரியநாயகம் நெடுந்தீவுத் துறையில் வந்து காத்து நின்று, தாள் போன வள்ளத்திலேயே அதைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். கொண்டக்டர் எல்லாவற்றையும் ஒரு புதினமாய்ச் சொல்லிவிட்டுப் போனான். ஊர்காவற்றுறைக்கு உரிய இடம் மட்டும் வெறுமையாய் இருந்தது.

குருசுமுத்து தாளை வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தார். அவருக்கு இந்தமுறை பகிடி வரவில்லை. "நீர் போடாட்டி அவையால உம்மை விலத்த ஏலாது," என்றார். "உங்கட சட்டம்தானே. கிடக்கட்டும், விடும்."

"நான் போடாட்டி நிமலினி வெளியில," என்றாள் மேரிறோஸ்.

குசினி மேசையில் தாளை வைத்து, தன் பெயரை முழுசாய் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மை காயுமட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வொரு கையெழுத்துக்கும் கீழே இருந்த திகதியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அது துக்கம் இல்லை. கோபம், சுத்தமான கோபம்.

"இவையளுக்கு ஏலும், இஞ்சருங்கோ," என்றாள். "பத்து வருசமும் ஏலுமாய்த்தான் இருந்திருக்கு."