கால் ஊன்ற ஒரு கல்

செருப்பின் நுனி மட்டும் ஜல்லியில் உரசும் சத்தம், தகரத்தை நகத்தால் கீறுவதுபோல் பல்லைக் கூசவைக்கும் அந்தச் சத்தம், வாசலில் கேட்டால் என் அண்ணன் துரைசாமி வண்டியை நிறுத்தப் பாடுபடுகிறான் என்று உள்ளே இருந்தபடியே தெரிந்துகொள்வேன். எண்பதுகளின் தொடக்கம் அது. அவிநாசியில் எங்கள் வீடு. அண்ணனுக்குச் சோமனூரில் பெண்ணெடுத்தபோது, விசைத்தறி வைத்திருந்த அவன் மாமனார் சீராக ஒரு புது மோட்டார் சைக்கிளைக் கொடுத்தார்.

எதையும் அளந்தும் எண்ணியும் பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது, அன்றும் அப்படித்தான். தையல்காரரின் டேப்பை வாங்கி அளந்தேன். தரையிலிருந்து சீட்டு முப்பத்தொன்றரை அங்குலம். அண்ணனின் கால் இருபத்தேழுதான். வண்டி ஓடும்போது அவனைப்போல் ஓட்ட ஆளில்லை. நின்றால்தான் ஆபத்து. ஒரு பக்கம் சாய்ந்து, விரல்நுனியால் தரையைத் துழாவி, முகமெல்லாம் வேர்த்துப்போவான். டீக்கடையில் இருந்தவர்கள் மரியாதை குறையாமலே கேலி செய்தார்கள். "தொரை, ஏறி எறங்க ஒரு ஏணி போட்டுத் தரட்டுங்களா?" என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் ஏணிக்கும் சேர்த்து மாமனாரிடம் சொல்லியிருக்கலாமே என்பார். அண்ணனும் சிரித்துவைப்பான். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது.

கோயமுத்தூரில் சீட்டு தைக்கும் கடையில் விசாரித்து வந்து, உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சை இரண்டு மூன்று அங்குலம் அறுத்தெடுத்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று நான் சொன்னேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"மாமனார் ஊட்டுச் சீருடா. அதுல கத்தி வெக்கச் சொல்றியா? அவரு என்ன நெனைப்பாரு?"

சீட்டின் மேலிருந்த பாலிதீன் உறையைக்கூட அவன் கழற்றவில்லை.

அதற்குப் பதிலாக, நிற்பதற்கென்றே ஒரு வழி கண்டுபிடித்தான். சாலையின் இடது ஓரத்தில் உயரமாக எது இருந்தாலும் அதன் பக்கத்தில் வண்டியைக் கொண்டுபோய் ஒட்டி நிறுத்தி, இடது காலை அதன்மேல் வைத்துக்கொள்வான். ஒரு பாலத்துச் சுவர், ஒரு மளிகைக்கடைப் படி, சாலை வளைவில் ஒரு மைல்கல். அவிநாசியிலிருந்து சோமனூர் போய்ச் சேரும்வரை இப்படி எட்டு இடங்கள். பின்னால் உட்கார்ந்து போகும்போதெல்லாம் நானும் அவற்றை எண்ணிக்கொண்டே போவேன். மைல்கல் வரும்போது அவன் தோள்கள் தளர்வது எனக்குத் தெரியும்.

தலைதீபாவளி வந்தது. சீர் வண்டியிலேயே மாமனார் வீட்டுக்குப் போய் இறங்குவதுதான் முறை என்று அண்ணன் பிடிவாதமாக இருந்தான். பட்டுப்புடவை கட்டிய அண்ணி, இடது பக்கம் கால்களைத் தொங்கவிட்டுப் பின்னால் உட்கார்ந்தாள். முந்தின நாள் பெய்த மழை. வளைவில் ஒரு லாரி குறுக்கே திரும்பியதால், அண்ணன் வழக்கம்போல் மைல்கல்லை நம்பி ஓரம்கட்டி, லாரியையே பார்த்தபடி காலை நீட்டினான். குழாய் பதிக்க அந்த வாரம்தான் கல்லைப் பிடுங்கிவிட்டு, தோண்டிய குழியை மண்போட்டு மேலோட்டமாக மூடியிருந்தார்கள். நீட்டிய கால் முழங்கால்வரை சேற்றில் இறங்கியது. வண்டி இடப்பக்கம் சாய்ந்து அண்ணியின் காலின்மேல் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணிக்கு மாவுக்கட்டுப் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். மாமனார் வந்தார். கட்டிலின் ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் அண்ணனும் நின்றார்கள். மகளின் காலையே பார்த்துக்கொண்டு அவர்தான் முதலில் பேசினார்.

"கண்ணாலத்தன்னிக்கே பாத்தனுங்க மாப்பிள்ளை. வண்டியில உக்காந்தா உங்க குதிகாலு தரையில படலை. சீட்டைக் கொறச்சுக்கலாமுங்கன்னு சொன்னா உங்க மனசு நோகுமேன்னு இருந்துபோட்டனுங்க."

"கொறச்சா நீங்க சங்கடப்படுவீங்களோன்னு நானும் இருந்துபோட்டனுங்க மாமா" என்றான் அண்ணன்.

அண்ணி கூரையைப் பார்த்தபடி சொன்னாள்: "ரெண்டு பேரு மருவாதையும் என்ர காலு மேல உளுந்துபோச்சு."

எலும்பு கூடியது, ஆனால் குட்டையாகக் கூடியது. முக்கால் அங்குலம், இதையும் நான்தான் அளந்தேன். அன்றிலிருந்து அண்ணி நடக்கும்போது இடது குதிகால் தரையில் படுவதில்லை. விரல்நுனியை ஊன்றித்தான் நடக்கிறாள். அவள் வீடு திரும்பிய மறுநாளே அண்ணன் வண்டியைக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோய்ச் சீட்டை அறுத்துக் குறைத்துக்கொண்டு வந்தான். பாதம் பாதியளவு தரையில் பதிந்தது. ஆனால் பின்னால் ஏறி உட்கார அவள் வரவே இல்லை. அவனும் கூப்பிடவில்லை. கொட்டகையில் நின்றே டயர் வெடித்து, வண்டி இரும்புக் கடைக்குப் போனது.

இப்போது அந்தச் சாலையை அகலமாக்கிவிட்டார்கள். கால் வைக்க ஒரு கல் இல்லை. பாலத்துச் சுவரும் மளிகைக்கடைப் படியும்கூட இல்லை. அண்ணனும் இல்லை. ராத்திரியில் எட்டு இடங்களையும் மனதுக்குள் எண்ணினால் எனக்கு ஏழுக்குமேல் வருவதில்லை. போன வாரம் அண்ணியின் பேத்தி, தாழ்ந்த சீட்டு வைத்த ஸ்கூட்டரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, பாட்டியைக் கோயிலுக்குக் கூப்பிட்டாள். அண்ணி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"காலு எட்டுதா கண்ணு?"

பெண் இரண்டு பாதங்களையும் தரையில் முழுதாகப் பதித்துக் காட்டினாள். அண்ணி குனிந்து அந்தக் குதிகால்களை நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லா எட்டுது. நீ போ கண்ணு, நா பஸ்ஸுல வாரேன்."