ஒழுகாத கூரைக்கு ஓட்டு

நேற்று இங்கே கலிபோர்னியா டப்ளினில் மளிகை வாங்கப் போயிருந்தேன். கடைக் கட்டடத்தின் கூரையில் சுடச்சுடத் தார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கையில் கொத்தமல்லிக் கட்டோடு அப்படியே நின்று மூச்சை இழுத்தேன். என் கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு காருக்கு ஓடினார். அவருக்கு அது நாற்றம். எனக்கு அது நாங்கள் முன்பு குடியிருந்த சன்னிவேல்.

தொண்ணூறுகளின் கடைசி. இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிவிடும் என்று உலகமே பயந்த காலம். இன்னும் கெடாத புரோகிராம்களைக் கெடுவதற்கு முன்பே சரிபார்க்க இவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நான் கோயமுத்தூரில் சிவில் இன்ஜினியரிங் படித்தவள். வேலைக்குப் போகக் கூடாத மனைவி விசாவில் வந்தவள். சும்மா இருக்கச் சொன்னால் எனக்குக் கை அரிக்கும். மகள் படித்த அரசுப் பள்ளி நூலகத்தில் சம்பளமில்லாமல் புத்தகம் அடுக்கப் போனேன். படித்த படிப்பு விடுமா? ஒருநாள் பள்ளிப் பராமரிப்பாளரிடம் கெஞ்சி, சுடிதாரைச் செருகிக்கொண்டு, ஏணியில் ஏறிக் கூரையைப் பார்த்துவிட்டேன். தட்டைக் கூரை. தார்ப்பூச்சு பாளம் பாளமாக வெடித்திருந்தது. இன்னும் ஒழுகவில்லை, அவ்வளவுதான்.

தலைமை ஆசிரியையிடம் ஓடினேன். பாவம், அவருக்குத் தெரியாததா? ஒழுகினால் வாளி வைக்கப் பணம் உண்டு, ஒழுகாமல் காப்பதற்கு இல்லை என்றார். வருஷா வருஷம் கட்டடங்களைப் பராமரிக்க, வீட்டுக்காரர்கள் கொஞ்சம் கூடுதல் வரி கட்டச் சம்மதிக்க வேண்டுமாம். அதற்கு ஓட்டெடுப்பு. மூன்றில் இரண்டு பங்கு விழுந்தால்தான் உண்டு. வீடு வீடாகப் போய்க் கேட்க ஆள் தேவை என்றதும் என் கைதான் முதலில் உயர்ந்தது. எனக்கு ஓட்டும் கிடையாது, வேலையும் கிடையாது. வாய் இருந்தது.

துணைக்குக் கீழக்கரை நசீமா அக்கா. மேல்மாடியில் இருந்தவர், டிராவல்ஸ் நடத்தினார். சனிக்கிழமை காலையில் எங்கள் அபார்ட்மென்ட்டில் தெரிந்த வீடு ஒவ்வொன்றாகத் தட்டினோம். நம்மவர்கள் வீட்டில் வாசலோடு பேசிவிட்டுத் திரும்ப முடியுமா? ஒரு வீட்டில் ரவா கேசரி, அடுத்த வீட்டில் முறுக்கு, எல்லா வீட்டிலும் காபி. எல்லோரும் ஆதரவு. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாடிப்படியில் நசீமா அக்கா திடீரென்று நின்றார்.

"ஏம்மா, இவங்கள்ல யாருக்கும்மா ஓட்டு இருக்கு?"

யோசித்துப் பார்த்தோம். எல்லோரும் விசா, மிஞ்சிப்போனால் கிரீன் கார்டு. போன வீடுகள் முழுக்கத் தேடினாலும் ஓட்டுரிமை உள்ள ஒரே ஆள், கூடவே கேசரி தின்றுகொண்டு வந்த நசீமா அக்காதான்.

அடுத்த வாரம் தெரியாத தெருக்களுக்குப் போனோம். முன்தோட்டத்தில் எலுமிச்சை மரம் வைத்த சின்ன வீடு ஒன்றில் வால்ட்டர் என்ற பெரியவர் கதவைத் திறந்தார். பிள்ளைகள் வளர்ந்து எங்கோ போய்விட்டார்கள். ஒழுகாத கூரைக்கு நான் ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு வந்த இங்கிலீஷ் எல்லாம் அந்த நேரம் பார்த்து ஓடிவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன். எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சாரம் கட்டிப் பழுது பார்த்துக் கும்பாபிஷேகம் செய்வார்கள், விரிசல் விட்டிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை, முறை வந்தால் ஊரே வரி கொடுக்கும் என்றேன். அதுவரை சாமி எங்கே இருக்கும் என்றார். பக்கத்தில் சின்னதாக ஒரு கொட்டகை போட்டு அங்கே குடிவைப்போம் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார். ஓட்டுப் போடுகிறேன், ஆனால் மழை வந்தால் நீயே வந்து எனக்குச் சொல்ல வேண்டும் என்றார்.

முடிவு வந்த காலையில் நசீமா அக்கா போன் செய்தார். "ஜெயிச்சாச்சும்மா. மயிரிழையில."

நான் சமையலறையில் குதித்தேன். கீழ்வீட்டுக்காரர் விளக்குமாற்றால் கூரையை இடித்தார். அந்தக் கோடையில் பள்ளிக்கூடத்தில் தார் காய்ச்சினார்கள். தினமும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டபோதுகூட அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

முதல் பெருமழை அன்று நூலகத்துக்கு ஓடி, அண்ணாந்தபடி மூலை மூலையாகச் சுற்றினேன். மகளுக்கு மானம் போனது. "அம்மா, வாட் ஆர் யூ லுக்கிங் அட்?"

"எங்கியும் ஒழுகலடி கண்ணு."

அங்கிருந்து நேராக வால்ட்டர் வீடு. சொட்டச் சொட்ட நின்று, ஒரு துளிகூட விழவில்லை என்றேன். ஆக, எதுவும் நடக்காமல் இருக்கத்தான் நான் பணம் கட்டினேனா என்றார். ஆமாம் என்றேன். பை நிறைய எலுமிச்சை கொடுத்தார். நாங்கள் டப்ளினுக்கு வீடு மாறும்வரை முதல் மழைக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று எனக்கு ஓட்டு இருக்கிறது. சீட்டு தபாலில் வருகிறது. சாப்பாட்டு மேசையிலேயே குறி போட்டு அனுப்பிவிடுகிறேன். வால்ட்டர் போய்விட்டார். அவருடைய சின்ன வீடு இருந்த இடத்தில் வேலி வரை நிறைத்து ஒரு மாடிவீடு நிற்கிறது. இந்த வருஷ முதல் மழைக்கும் காரை எடுத்துக்கொண்டு அந்தப் பள்ளிப் பக்கம் போனேன். கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்தால், பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் மேலே பார்க்கவில்லை. ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது, ஆள்தான் இல்லை.