கலிங்கில் கட்டிய கொசுவலை

எங்கள் வீட்டுக் கூரையும் கண்மாய்த் தண்ணீரும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இருந்தன. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளாங்குடியில் எங்கள் தெருவில் யாரும் யோசித்ததில்லை. கண்மாய்க் கரையின் அடிவாரத்தில் மனை விலை மலிவு, அப்பா வாங்கிப் போட்டார், வீடு கட்டினார், லாரியை எடுத்துக்கொண்டு வடக்கே போய்விட்டார். கரையை ஒட்டிய வீட்டில் அம்மாவும் சித்தப்பாவும் நானும் இருந்தோம்.

கண்மாய் எங்களுக்கு மீன் வளரும் இடம், அவ்வளவுதான். வைகாசியில் தண்ணீர் வற்றியதும் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அடுத்த நொடி ஊரே சேற்றில் இறங்கும். அன்று எந்த வீட்டிலும் வேறு குழம்பு கிடையாது. ஆனால் ஐப்பசியில் கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியாக வாய்க்காலுக்கு இறங்கிவிடும். அப்படி வழிவதற்கென்றே கரையின் ஒரு முனையில் தாழ்வாகக் கட்டிய கல்சுவர்தான் கலிங்கு. அந்தத் தண்ணீரோடு நல்ல நல்ல விராலெல்லாம் போய்விடுகிறதே என்பது சித்தப்பாவின் நெடுநாள் கவலை.

சித்தப்பா செல்லூரில் பவர்லூம் ஓட்டினார். ஓடாத நேரத்தில் யோசனைகள் செய்வார். அந்த வருடம் வந்த யோசனை, தெருவிலிருந்த கொசுவலைகளை எல்லாம் வாங்கி ஒன்றாகத் தைத்து கலிங்கின் குறுக்கே கட்டுவது. தண்ணீர் போகும், மீன் போகாது. தெருவே அவரைக் கொண்டாடியது. எங்கள் வீட்டுக் கொசுவலையும் போயிற்று. மீன்களுக்காக நாங்கள் ராத்திரியெல்லாம் கொசுக்கடியில் கிடந்தோம். எனக்கு அதில் பெருமைதான்.

மழை பிடித்துக்கொண்டது. கண்மாய் நிறைந்தது. ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் மிதந்து வந்து வலையில் அப்பிக்கொள்ள, கலிங்கில் வழிவது மெல்ல மெல்ல நின்றே போனது. தண்ணீர் கரை விளிம்பைப் பார்த்து ஏறியது. தெருக்காரர்கள் குடையோடு கரையில் நின்று, இந்த வருடம் மீனுக்குப் பஞ்சமில்லை என்று சந்தோஷப்பட்டார்கள்.

எங்கள் கொல்லையில் துவைகல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஊற்று கிளம்பியிருந்தது. நாலைந்து நாளாக அம்மா அந்தத் தண்ணீரில்தான் துணி அலசினாள். அன்று மத்தியானம் அலசிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டுத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தாள். செம்மண் நிறத்தில் இருந்தது. அம்மா மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் வளர்ந்தவள். ஊற்று தெளிந்து வந்தால் பயமில்லை, கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அவளுக்குத் தெரியும். ஈரக்கையோடு போய் சித்தப்பாவிடம் சொன்னாள்.

"தம்பி, வலைய எடுத்துருங்க. ஊத்து கலங்கி வருது."

"பயப்படாதீங்க மதினி. எம்புட்டு மழையப் பாத்த கரை இது. இப்பப் போய் வலைய எடுத்தா தெருவுல ஒருத்தனும் என் மூஞ்சில முழிக்க மாட்டான்."

 அம்மா வீட்டுக்குள் வந்து என் புத்தகப் பையையும் ரேஷன் கார்டையும் ஒரு பையில் போட்டு, என்னைத் திண்டுக்கல் ரோட்டு மேட்டிலிருந்த பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். அங்கே என்னை உட்காரவைத்து, தன் காதிலிருந்த சிவப்புக் கல் தோட்டைக் கழற்றி என் காதில் மாட்டித் திருகாணியை இறுக்கித் திருகினாள். அதுவரை என் காதில் வேப்பங்குச்சிதான் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"கழட்டிராத. சித்தப்பா வந்தா அவரு கூடவே இரு."

அவள் இடுப்பில் கதிரறுக்கும் அருவாள் செருகியிருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோயில் பித்தளை மணியில் என் காது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டினால் தோடு கனமாக அசைந்தது. கொஞ்ச நேரத்தில் கலிங்குப் பக்கமிருந்து தண்ணீர் ஹோவென்று இறங்கும் சத்தம் கேட்டது.

பொழுது சாயும்போது அம்மா வந்தாள். தலை அவிழ்ந்து, உடம்பெல்லாம் சேறு, முழங்கால் சிராய்த்து ரத்தம். பின்னால் சித்தப்பா தலையைத் தொங்கப்போட்டு வந்தார். வலையை அறுத்தபோது அதோடு சேர்ந்து இழுபட்ட அம்மாவை அவர்தான் வாய்க்காலில் குதித்துப் பிடித்து இழுத்தாராம். என் முதல் கேள்வி, மீனெல்லாம் போய்விட்டதா என்பதுதான். போச்சு என்றாள் அம்மா. சொல்லிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மீனுக்காக இவ்வளவு அழுகிறாளே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

மறுநாள் ஊற்று தெளிந்திருந்தது. எங்கள் மீனையெல்லாம் வாய்க்காலின் கீழ்ப்பக்கத்துக்காரர்கள் சேலை விரித்து அள்ளினார்கள். கரை உடைந்திருந்தால் தெருவே வலையைத் திட்டியிருக்கும். உடையவில்லை, அதனால் அம்மாவைத் திட்டியது. வைகாசியில் சேற்றில் இறங்கியபோது நத்தையும் நாலு கெளுத்தியும்தான் கிடைத்தன. அம்மாவோடு யாரும் பேசவில்லை. நானும் கொஞ்ச நாள் பேசவில்லை. எனக்குக் காரணம் வேறு. தோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

என் கல்யாணத்துக்கு அதையே எனக்குப் போட்டு அனுப்பினாள். போன மழைக்காலத்தில் ஒரு நாள் என் மகள் அந்தத் தோட்டைக் கேட்டு அடம்பிடித்தாள். சும்மா ஒரு நிமிஷம் போட்டுவிடலாம் என்று கையைக் காதுக்குக் கொண்டுபோனேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. திருகாணியைத் தொட்ட விரல் அப்படியே நின்றுவிட்டது. குளிக்கும்போதுகூடக் கழற்றாத தோட்டை அம்மா எதற்காக அன்று கழற்றினாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தான் திரும்பி வருவோம் என்று அவள் நினைத்திருக்கவில்லை. நான் மணியில் அழகு பார்த்துக்கொண்டிருந்தேன்.