பதினைந்து நிமிஷச் சோறு

அடையாறிலிருந்து லஸ் வழியாகத் தி. நகருக்கு பஸ் ஓட்டினேன். என் இரண்டாவது மகள் பிறந்த வருஷம், எழுபத்தொன்றோ இரண்டோ. அந்தக் காலத்து பஸ்ஸில் இன்ஜின் டிரைவரை ஒட்டியே இருக்கும்; சித்திரை மாதத்தில் இடது கால் முழங்கால் வரை வெந்துபோகும். அதுகூடப் பழகிவிட்டது. பழகாதது நேரம்தான். ஒரு நடைக்கு முப்பத்தைந்து நிமிஷம் என்று எவனோ நாற்காலியில் உட்கார்ந்து போட்டிருந்தான். தி. நகர் போய்ச் சேர்ந்தால் சாப்பிடப் பதினைந்து நிமிஷம். பத்து நிமிஷம் தாமதமானால் அந்தப் பத்தும் சோற்றில் கழியும். பாண்டி பஜாரில் கூட்டம் என்றைக்குக் குறைந்திருக்கிறது? சோற்றுக்காகத்தான் எல்லோரும் வண்டியை விரட்டினோம்.

ஒரு மத்தியானம் லஸ் முனையில் நெஞ்சை அடைத்தது. வாயு என்று நினைத்தேன். அங்கே ஒருவர் கோலி சோடாவில் எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தருவார், நன்றாக இருக்கும். இரண்டு குடித்தேன். இடது கை மரத்துப்போனது. கண்டக்டர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

"வாயு இல்லப்பா, இருதயம். பதறக் கூடாது, வேளைக்குச் சாப்பிடணும்" என்றார் டாக்டர்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். முதல் நாளே தி. நகரில் பன்னிரண்டு நிமிஷம் லேட். டைம் கீப்பர் புறப்படச் சொல்லி விசில் ஊதினார். நான் இறங்கி, நிழலில் உட்கார்ந்து சோற்றுத் தூக்கைத் திறந்தேன்.

"இன்னா டிரைவரே இது? வண்டிய எடு."

"துன்னுட்டு எடுக்கறேன். பதினஞ்சு நிமிசம் கீது."

"லேட்டா வந்துட்டு பேச்சப் பாரு. ரிப்போர்ட் எழுதுவேன்."

"எழுது சார். எப்ப வந்தேன், எப்ப துன்னேன், அல்லாத்தையும் எழுது. நான் பூட்டா, நஷ்டஈடு கேக்க என் பொண்டாட்டிக்கு அந்தப் பேப்பர் வேணும்."

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு மயிலாப்பூர்க்காரர் தலையை நீட்டினார். "பேங்க் மூடிடுவான். நாழியாயிண்டிருக்கு."

"சித்த இரு சாமி" என்றான் கண்டக்டர். "இவுரு வழில மண்டையப் போட்டா நீதான் ஸ்டீரிங் புடிக்கணும்."

மூன்று நாள் சஸ்பெண்ட் செய்தார்கள். திரும்பி வந்தேன், மறுபடி லேட், மறுபடி தூக்கைத் திறந்தேன். டைம் கீப்பர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். எனக்குப் பின்னால் வந்த வண்டியின் டிரைவர் என்னைவிட வயதில் மூத்தவர். மேலதிகாரி முன் வாயே திறக்காதவர். அவர் இன்ஜினை நிறுத்திவிட்டு, சோற்றுப் பொட்டலத்தோடு நிழலுக்கு வந்தார்.

"கொஞ்சம் நவுந்து குந்து, நைனா" என்றார்.

டைம் கீப்பர் அன்று இரண்டு ரிப்போர்ட் எழுதினார்.