ஆறு பேருக்கான மேசை

மார்லிஸ் ஹோவ்லாண்ட் வருஷத்தில் நூற்றெண்பது நாள் பிறருக்குச் சோறு போட்டவள். ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில்தான் வேலை. குழி குழியான பிளாஸ்டிக் தட்டில் ஒரு குழிக்கு மசித்த உருளைக்கிழங்கு, ஒரு குழிக்குப் பட்டாணி என்று அள்ளி அள்ளி வைத்தே அவள் வயசு ஓடியிருந்தது. அந்தத் தட்டுகளை யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்த்ததில்லை. அதனால்தானோ என்னவோ, நவம்பர் நாலாவது வியாழக்கிழமை, குடும்பமே கூடி விருந்து சாப்பிடும் நன்றித் திருநாளன்று, தன் வீட்டு மேசையை அவள் கல்யாணப் பெண்ணைப் போல ஜோடிப்பாள்.

அந்த மேசைக்கு ஊரில் பெயர் உண்டு. செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிடுவாள். சிவந்த மேப்பிள் இலைகளைப் பொறுக்கித் தடித்த புத்தகங்களுக்கு நடுவே அழுத்தி வைப்பாள். ஓடைக்கரைப் புல்லைக் காயவைத்துக் கட்டுவாள். மெழுகுவர்த்தியின் நிறம் நாப்கினுக்கு ஒத்துப்போகவில்லை என்றால் அன்றைக்கு வீட்டில் சமையல் நடக்காது. கணவன் டுவேன் இதையெல்லாம் கண்டும் காணாமல் இருக்கப் பழகியிருந்தான். விஸ்கான்சின் குளிரில் சாலையில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவனுக்கு, மேசையில் வான்கோழி இருந்தால் போதும், இலை எந்தப் பக்கம் பார்த்தால் என்ன?

அந்த மேசைக்கு வேண்டிய பூசணி, சுரை, பல நிறச் சோளக்கதிர் எல்லாம் ஒரே இடத்திலிருந்துதான் வரும். டுவேனின் அண்ணன் ஓரின் ஊருக்கு வெளியே தனியாகப் பண்ணை வைத்திருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு நாய், கொஞ்சம் மாடு, அதிகம் பேசாத வாய், இவ்வளவுதான் அவர் சொத்து. மார்லிஸ் இந்த வீட்டுக்கு வந்த முதல் வருஷத்திலிருந்து, விருந்துக்கு முந்தின வாரம் ஒரு பெட்டி நிறையக் காய்களைக் கொண்டுவந்து பின்வாசலில் வைப்பார். விருந்தன்று சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு வந்து, சமையலறைப் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். அது அவர் நாற்காலி என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

இரண்டு மூன்று வருஷமாக அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. போன வருஷம் கிரான்பெர்ரிப் பழச் சாஸ் இருந்த கிண்ணத்தைக் கைமாற்றும்போது அது அவர் விரல்களிலிருந்து நழுவி, வெள்ளை விரிப்பின் நட்டநடுவில் கவிழ்ந்தது. சிவப்புச் சாறு இலைகளுக்கு அடியில் ஊறி, மெழுகுவர்த்திக் கட்டைகளைச் சுற்றிக்கொண்டு, விளிம்புவரை ஓடியது. "கெடுத்துட்டேன் மார்லிஸ்," என்றார் ஓரின். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, வெறும் துணிதானே," என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் பல்லைக் கடித்ததை அவர் பார்த்திருக்க மாட்டார் என்றுதான் நினைத்தாள். விரிப்பை உப்பில் ஊறவைத்தாள், வெந்நீரில் அலசியெடுத்தாள், வெயிலில் போட்டாள். கறை வெளுத்ததே தவிரப் போகவில்லை.

இந்த வருஷம் சாதாரண வருஷம் அல்ல. மகள் கிர்ஸ்டனுக்கு ஜூனில் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை எலியட்டின் அப்பா அம்மா பாஸ்டனிலிருந்து முதல்முறையாக இந்த வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். சம்பந்தியம்மாள் பியட்ரிஸ் வீட்டில் மார்லிஸ் ஒருமுறை சாப்பிட்டிருந்தாள். அங்கே சூப்புக்கு ஒரு கரண்டி, இனிப்புக்கு ஒரு கரண்டி. எதை எடுப்பது என்று தெரியாமல் பக்கத்தில் இருப்பவரை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டு வந்தவள் அவள். அதிலிருந்து அவளுக்குள் ஒரு வைராக்கியம் புகுந்துகொண்டது. பனி போல வெள்ளையாகப் புது விரிப்பு வாங்கினாள்.

பிறகு கணக்குப் போட்டாள். அவளும் டுவேனும், மகளும் மாப்பிள்ளையும், சம்பந்திகள் இரண்டு பேர், ஆக ஆறு. மேசை ஆறு பேருக்குக் கச்சிதம். ஏழு என்றால் ஒரு பக்கம் இடிக்கும், மேசை கோணலாகத் தெரியும், நடுவில் வைத்த அலங்காரத்தை நகர்த்த வேண்டும். இப்படியெல்லாம் தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். மேசையை நீட்டும் பலகை படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. அதை அவள் அன்றைக்கு மறந்துபோனாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஓரினுக்குப் போன் செய்து, இந்த வருஷம் நாங்கள் கிர்ஸ்டனைப் பார்க்க சிகாகோ போகிறோம், வீட்டில் யாரும் இருக்க மாட்டோம் என்றாள். வாய் கூசாமல் வந்தது. அவர், நல்லது, பத்திரமாகப் போய் வாருங்கள் என்றார். டுவேனிடம், உன் அண்ணன் சர்ச்சில் தனியாட்களுக்குப் போடும் விருந்துக்குப் போகிறாராம் என்றாள். டுவேன் தலையை ஆட்டிவிட்டுச் செய்தித்தாளுக்குள் போனான். அவன் ஏதாவது கேட்பான் என்று தயார் செய்து வைத்திருந்த பதில்கள் அவள் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டன. அண்ணன் தம்பி இரண்டு பேரும் மாடு செத்தால் ஒழியப் போனில் பேசிக்கொள்ள மாட்டார்கள். அதனால் குட்டு உடைய வழியில்லை.

வியாழன் காலை விருந்தாளிகளைக் கூட்டிவர டுவேன் விமான நிலையத்துக்குப் புறப்பட்டுப் போனான். மார்லிஸ் வான்கோழியை அடுப்பில் ஏற்றிவிட்டு மேசைக்கு வந்தாள். கடையில் வாங்கிய பூசணிகள் மெழுகு பூசிப் பளபளவென்று இருந்தன. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி. எங்கேயோ ஒன்று இடறியது. என்னவென்று அவளுக்குத் தெரியும், தெரியாதது போல இலைகளை மாற்றி மாற்றி அடுக்கினாள்.

அப்போதுதான், ஹீட்டர் இருக்கும், வெளியிலிருந்து தனிக்கதவு உள்ள கீழ்த்தளத்தில் காலடி கேட்டது. கையில் கத்தரிக்கோலோடு அப்படியே நின்றாள். படிக்கட்டு முனகியது. கதவைத் திறந்துகொண்டு ஓரின் வந்து நின்றார். ஒரு கையில் டார்ச் விளக்கு, இன்னொரு கையில் இந்த வீட்டுச் சாவி.

ஊரில் இல்லாதவர் வீட்டில் ஹீட்டர் நின்றுபோனால், ஒரே ராத்திரியில் தண்ணீர் உறைந்து குழாயெல்லாம் வெடித்துவிடும். அதனால் யாராவது ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வருவது அந்தப் பக்கத்து வழக்கம். அவளே மறந்திருந்தாள். யாரும் இருக்க மாட்டோம் என்று அவள் சொன்ன பொய்யே அவரைக் கையைப் பிடித்து இங்கே கூட்டிவந்திருந்தது.

ஓரின் மேசையைப் பார்த்தார். வெள்ளை விரிப்பு, ஆறு தட்டு, ஆறு கோப்பை. கத்தரிக்கோலை எங்கே வைப்பதென்று மார்லிஸுக்குத் தெரியவில்லை.

"சிகாகோ பக்கம் ரோடெல்லாம் ஐஸாமே," என்றார் ஓரின். "ரேடியோல சொன்னான். அதான் போகல போல."

வெட்கம் இருந்திருந்தால் அவள் அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் நீட்டிய கயிற்றை அவள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். "ஆமா, கடைசி நேரத்துல எல்லாம் மாறிப்போச்சு. உங்களுக்குச் சொல்லலாம்னு இருந்தேன்," என்றாள்.

"ஹீட்டர் நல்லா ஓடுது. ஃபில்டர மட்டும் மாத்தச் சொல்லு அவன்கிட்ட."

"இருங்களேன் ஓரின். இன்னொரு தட்டு வெக்கிறேன்."

சொல்லும்போது அவள் கண் தன்னையறியாமல் விரிப்பின் பக்கம் போய்வந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

"சர்ச்சுல வரேன்னு சொல்லிட்டேம்மா," என்றார்.

அந்த நேரத்தில் அவளுக்கு வந்தது நிம்மதி. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவள் தன்னையே காறித் துப்பிக்கொண்டாள். ஓரின் வெளியே போய், வண்டியிலிருந்து வைக்கோல் போட்ட ஒரு பெட்டியைத் தூக்கிவந்து பின்வாசலில் வைத்தார். "நீங்க திரும்பி வந்தா இருக்கட்டும்னு கொண்டுவந்தேன். பேர் போட்டது, வேற யாருக்கும் குடுக்க முடியாது பாரு," என்றார். கதவை இழுத்துச் சாத்த அவருக்கு இரண்டு முறை ஆயிற்று. வண்டி போகும் சத்தம் அடங்கும்வரை அவள் அசையவில்லை.

பெட்டிக்குள் கை அளவில் குட்டிப் பூசணிகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர், தோலோடு தோலாகத் தடித்து வளர்ந்திருந்தது. மார்லிஸ், டுவேன், கிர்ஸ்டன், எலியட். கல்யாணத்தில் ஒரே ஒருமுறை பார்த்த சம்பந்திகளின் பெயரும் இருந்தது, பியட்ரிஸ், வின்ஸ்லோ. எழுத்துகள் கோணல் மாணலாக நடுங்கின. அவள் வைக்கோலைக் கிளறிக் கிளறி அடிவரை தேடினாள். ஓரின் என்று ஒரு காய் இல்லை. கடைப் பூசணிகளை எடுத்து அலமாரிக்குள் தள்ளிவிட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் ஒரு பெயரை வைத்தாள்.

பிற்பகலில் விருந்தாளிகள் வந்தார்கள். உள்ளே நுழைந்ததும் பியட்ரிஸ் வாய்விட்டு, இப்படி ஒரு மேசையை நான் பார்த்ததே இல்லை என்றாள். வருஷக்கணக்காக மார்லிஸ் காத்திருந்த வார்த்தை அது. காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. டுவேன் வான்கோழியை வெட்டினான். பாத்திரங்கள் கைமாறின. விரிப்பில் ஒரு சொட்டுகூட விழவில்லை. பியட்ரிஸ் தன் பெயர் எழுதிய பூசணியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதை எப்படிச் செய்தீர்கள் என்று மார்லிஸைக் கேட்டாள்.

"நான் செய்யல," என்றாள் மார்லிஸ்.

டுவேன் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து, எங்க அண்ணன் வேலைதான் இது என்றான். காய் பிஞ்சாக இருக்கும்போது ஆணியால் லேசாகக் கீறி விட்டால், காய் பெருக்கப் பெருக்க எழுத்தும் பெருத்துவிடும் என்று விளக்கினான். "ஜூலைல பண்ணிருக்காரு, இவங்க வராங்கன்னு நான் பண்ணைக்குப் போய்ச் சொன்னதுமே. கை நடுக்கத்தோட. எப்ப கொண்டுவந்தாரு?"

"காலைல," என்றாள் மார்லிஸ்.

அவர் ஏன் வரவில்லை என்று பியட்ரிஸ் கேட்டாள். கேட்டவள் மேல் தப்பில்லை. டுவேன் முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரித்தான்.

"அது ஒரு கூத்து. போன வருஷம் விரிப்புல கொட்டிட்டாரு. அதுலேர்ந்து அவருக்கு மனசே சரியில்ல. இனிமே மேசைக்கு வரமாட்டேன்னு ஜூலைலயே எங்கிட்ட சொல்லிட்டாரு. ஆனா ஒரே பயம். மார்லிஸ் போன் பண்ணுவா, வந்தே ஆகணும்னு பிடிவாதம் பிடிப்பா, அவகிட்ட எப்படிடா மாட்டேன்னு சொல்றதுன்னு. நான்தான் சொல்லிக் குடுத்தேன், சர்ச் விருந்துக்குப் போறேன்னு சொல்லிடுங்கன்னு." மனைவியின் பக்கம் திரும்பினான். "அப்படியே சொல்லிட்டாரு பாத்தியா. எவ்ளோ கெஞ்சின நீ?"

மார்லிஸுக்கு எதிரே இருந்த ஐந்து முகமும் அவளைப் பார்த்துச் சிரித்தன. நல்லவள் என்று நினைத்துச் சிரித்தன. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. அவர் வராமலேதான் இருந்திருப்பார். விரிப்பும் வெள்ளையாகவே இருந்திருக்கும். கொல்லையில் குனிந்து நின்று, நடுங்கும் கையோடு ஒவ்வொரு பிஞ்சிலும் ஒவ்வொருவர் பெயரைக் கீறிய அந்த மனுஷர், எதிர்பார்த்தது ஒரு போனை மட்டும்தான். வா என்று ஒரு வார்த்தை அவளும், மாட்டேன் என்று ஒரு வார்த்தை அவரும் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

"நான் கூப்பிடல டுவேன்," என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. "என்ன கூப்பிடல?"

"அவரக் கூப்பிடவே இல்ல. நாம ஊர்ல இருக்கமாட்டோம்னு சொல்லிட்டேன். சர்ச் கதைய நானாத்தான் உங்கிட்ட சொன்னேன். விரிப்பு கெட்டுப்போயிடும்னு." விரிப்பின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். "வீட்ல யாரும் இல்லையேன்னு ஹீட்டரப் பாக்க வந்தாரு காலைல. அப்ப இந்த மேசையையும் பாத்துட்டாரு."

கிர்ஸ்டன் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். டுவேன் மனைவியை ரொம்ப நேரம் பார்த்தான். திட்டினால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அவன் வாயைத் துடைத்து, நாப்கினை மடித்து வைத்துவிட்டு எழுந்தான். ஆணியில் மாட்டியிருந்த கோட்டை எடுத்தான்.

அவளும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். "நானும் வரேன். நான் அவர்கிட்ட பேசணும்."

டுவேன் பொத்தானைப் போட்டுக்கொண்டே திரும்பினான். குரலில் கோபம்கூட இல்லை.

"நீ இரு மார்லிஸ். உன் மேசையப் பாத்துக்க."

கதவு சாத்திக்கொண்டது. அவள் மெதுவாக உட்கார்ந்தாள்.