மகளுக்கு நான் வைத்த மாதிரித் தேர்வு

நகம் வெட்டும்போது உங்கள் குழந்தை அழுகிறதா? ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும். சட்டைக் கழுத்தில் இருக்கும் லேபிள் உறுத்துகிறது என்கிறதா? மணலைத் தொட மறுக்கிறதா? இந்தத் தீவு நாட்டில், கிளமெண்டியிலுள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை மேல் அந்தப் படிவம் மூன்று நாள் கிடந்தது. பக்கம் பக்கமாக இதே மாதிரிக் கேள்விகள். ஊரிலிருந்து படிப்பவர்கள் சிரிப்பீர்கள். திருச்சியில் எனக்கு நகம் வெட்டியபோது நான் அழுதேனா என்று யார் கேட்டார்கள்? அழுதால் அடம், ஓடினால் சேட்டை, சாப்பிடாவிட்டால் செல்லம் கொடுத்துக் கெடுத்தது. இந்த மூன்று வார்த்தைகளுக்குள் எத்தனை பிள்ளைகளைப் போட்டு மூடியிருக்கிறோம் என்று நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

படிவம் என் ஐந்து வயது மகள் கயலுக்காக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில், மீன் வெட்டும் சத்தமும் ஈரத் தரையும் கூட்டமும் சேர்ந்து அவளை என்னவோ செய்ய, காதைப் பொத்திக்கொண்டு கீழே விழுந்து அலறினாள். பக்கத்தில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த நம்மூர்க்காரர், "ரெண்டு போடு போடுங்க சார், அடங்கிடும்" என்றார். கடல் தாண்டி வந்தாலும் அந்த மருந்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து விடுகிறோம். பாலர் பள்ளி ஆசிரியைதான் உணர்வு ஒருங்கிணைப்பு மதிப்பீடு என்ற ஒன்றைச் சொன்னார். சத்தம், தொடுதல், அசைவு இவற்றையெல்லாம் அவள் மூளை எப்படி வாங்கிக்கொள்கிறது என்று பார்ப்பார்களாம். தொடக்கப்பள்ளி ஆரம்பிக்க ஆறு மாதம்கூட இல்லை. அதற்குள் உதவி கிடைத்தால்தான் வகுப்பில் நிம்மதியாக உட்காருவாள் என்றார்.

மதிப்பீடு என்றதும் எனக்குத் தெரிந்தது பரீட்சை ஒன்றுதான். பரீட்சை என்றால் பழைய வினாத்தாளைத் தேட வேண்டும், மாதிரித் தேர்வு எழுத வேண்டும். நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் எங்களை அப்படித்தான் பிழிந்தார்கள். அதில் பிழைத்து எஞ்சினியர் ஆகித்தான் இங்கே துவாஸ் தொழிற்பேட்டை வரை வந்தேன். இங்குள்ள தமிழ்ப் பெற்றோர் வாட்சப் குழுவில், "உள்ள என்னென்ன செய்யச் சொல்வாங்க?" என்று கேட்டேன். பத்தே நிமிடத்தில் வினாத்தாள் அவுட். ஊஞ்சல், மணல் தட்டு, சவர நுரை, கண்ணை மூடித் தொட்டுப் பார்த்துச் சொல்வது. ஒருவராவது "எதற்குக் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்கவில்லை. எல்லோரும் என்னைப் போலப் பரீட்சை ஜாதிதான்.

இரண்டு வாரம் பயிற்சி. தட்டு நிறைய நுரையைப் பீய்ச்சி, அவள் கையைப் பிடித்து அதில் அழுத்தினேன். மிக்சியை ஓடவிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன். காதிலிருந்து கையை எடுத்தால் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். என் மனைவி சுதா, "அவ நடுங்குறா, விட்டுடுங்களேன்" என்றாள். நான் கேட்கவில்லை. மகளிடம் சொன்னேன்: "அழுதா ஃபெயில் கயல். எல்லாம் முடிஞ்சப்புறம் அழுதுக்கலாம்."

மதிப்பீடு தோ பாயோவில் ஒரு சிகிச்சை மையத்தில் நடந்தது. சுதாவுக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. சிகிச்சையாளர் ஷாமினி, இங்கேயே பிறந்து வளர்ந்து, பேச்சில் இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்ட தமிழ்ப்பெண். கயல் ஊஞ்சலில் ஆடினாள். மணலை அளைந்தாள். நுரையில் இரண்டு கையையும் வைத்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. ஷாமினி எழுதிக்கொண்டே இருந்தார். நான் மூலையில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் பூரித்துப்போனேன். எல்லாம் முடிந்ததும் கயல் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, முடிஞ்சிடுச்சா? இப்ப அழலாமா?"

ஷாமினி எழுதுவதை நிறுத்தினார். "சார், வீட்ல ட்ரெயின் பண்ணீங்களா?"

"ஆமா. நல்லாத்தானே செஞ்சா?"

"இது எக்ஸாம் இல்ல லா சார். அவளுக்கு எது கஷ்டம்னு பாக்கத்தான் நான் இருக்கேன். நீங்க அத மறைச்சிட்டா நான் என்ன ரிப்போர்ட் எழுதறது? இன்னிக்கு ஸ்கோர் யூஸ் பண்ண முடியாது. புது அப்பாயின்ட்மென்ட் எடுக்கணும், சில மாசம் ஆகும்."

சில மாதம்! அதற்குள் பள்ளியே திறந்துவிடும். எனக்குத் தலைக்கு ஏறியது. செய்தாலும் குற்றம், செய்யாவிட்டாலும் குற்றமா என்று கத்தினேன். அவர் பதிலுக்குக் குரலை உயர்த்தவில்லை. "முதல்ல அவளுக்குப் பதில் சொல்லுங்க சார். கேட்டுட்டு நிக்கிறா" என்றார்.

கயல் நின்றுகொண்டுதான் இருந்தாள். நுரை வழியும் கைகளை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, அனுமதிக்காக.

"அழலாம்மா" என்றேன்.

அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. இரண்டு வாரத்து அழுகை. ஷாமினி கையைத் துடைத்துவிட்டு, விளக்கைக் குறைத்து, கனமான போர்வை ஒன்றை அவள் மேல் போர்த்தினார். அவள் அடங்கியதும் என்னிடம் பேசினார். "அவ அடம் பிடிக்கல சார். அவளால தாங்க முடியல. எது தாங்கல, எப்ப அமைதியாவுறா, ரெண்டையும் அடுத்த தடவை எழுதிட்டு வாங்க. அது போதும்." என் மகளுக்கு என்ன வலிக்கும் என்று எனக்கு மனப்பாடம். அந்தப் பட்டியலை வைத்துத்தானே அவளை வதைத்தேன்.

ரயிலுக்கு நடக்கும் வழியில், ஓர் அடுக்குமாடியின் சுவரில்லாத கீழ்த்தளத்தில் அவள் மறுபடி விழுந்து அழுதாள். போவோர் வருவோர் நாகரிகமாக விலகிப் போனார்கள். அப்போது பார்த்துத் திருச்சியிலிருந்து அண்ணன் அழைத்தார். "என்னடா, பாப்பா பாஸா? பின்னாடி என்ன சத்தம்? அதட்டுடா! அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா?"

"வளைச்சது போதும்ணே" என்றேன். அவர் நிறுத்தவில்லை.

சந்தை வண்டியை இழுத்து வந்த ஒரு சீன மூதாட்டி நின்றார். "சிக், ஆ?" என்று, உடம்பு சரியில்லையா என்ற பொருளில் கேட்டார். "நோ சிக்" என்று வெடுக்கென்று சொன்னேன். புரியாமல் பார்த்தவர், பையிலிருந்து ஒரு டிஷ்யூ பாக்கெட்டை எடுத்துக் கயலின் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுப் போனார். இந்த ஊர் உணவங்காடிகளில் மேசை மேல் டிஷ்யூ பாக்கெட்டை வைத்தால் இடம் பிடித்தாயிற்று என்று பொருள். அப்புறம் யாரும் எழுப்ப மாட்டார்கள்.

போனை வெட்ட மனம் வரவில்லை, காதில் வைக்கவும் முடியவில்லை. அதை அந்தப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சிமெண்ட் தரையில் உட்கார்ந்தேன். அண்ணன் பேசிக்கொண்டே இருந்தார். கயல் அழுதுகொண்டே இருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பிக்கொண்டேன்.